யார் செய்த தவறு? – ஆட்டிசம் குறித்து ஒரு சிந்தனை

2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் அமெரிக்க அதிபர் வெள்ளை மாளிகையில் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். கருவுற்ற பெண்கள் காய்ச்சலுக்கும் வலிக்கும் உட்கொள்ளும் 'டைலினால்' மாத்திரைக்கும் குழந்தைகளுக்கு வரும் ஆட்டிசத்திற்கும் தொடர்பு உண்டு, ஆகவே அதைத் தவிர்க்க வேண்டும் என்பதே அவர் கூறியதன் சாரம். டைலினால் என்பது வேறொன்றுமில்லை. நம் ஊர் மருந்துக் கடைகளில் குரோசின், டோலோ, கால்பால் எனப் பல பெயர்களில் கிடைக்கும் பாராசிட்டமால்தான் அது.

அமெரிக்காவில் பேசிய பேச்சு புளியங்குடிக்கு வந்து சேர அதிக நேரம் ஆகவில்லை. செல்போனில் தமிழாக்கம் செய்யப்பட்ட செய்திகள் குடும்பக் குழுக்களில் சுற்றி வந்தன. மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை விழுங்கலாமா என்று கருவுற்ற பெண்கள் கலங்கினர். அவர்களை விட அதிகமாகக் கலங்கியவர்கள், ஏற்கெனவே ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பெற்று வளர்க்கும் தாய்மார்கள். "ஆறாம் மாதத்தில் காய்ச்சலுக்கு நான் இரண்டு மாத்திரை போட்டேனே, அதனால்தானா என் பிள்ளைக்கு இப்படி?" இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய பொறுப்பு நம் எல்லோருக்கும் உண்டு. ஏனெனில் ஒரு தாயின் மனத்தில் தவறான குற்ற உணர்வு குடிகொண்டால், அவள் பிள்ளைக்குச் செய்ய வேண்டிய உதவியும் அதோடு தடைப்பட்டுப் போகிறது.

எனவே ஆட்டிசம் என்றால் என்ன, அதன் அறிகுறிகள் யாவை, எதனால் வருகிறது, எதனால் வருவதில்லை, நாம் செய்ய வேண்டியது என்ன என்பவற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

பெயரும் வரலாறும்

'தான்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது ஆட்டிசம் என்னும் பெயர். 1943-இல் அமெரிக்காவில் பணியாற்றிய லியோ கேனர் என்னும் குழந்தைகள் மனநல மருத்துவர், 11 குழந்தைகளைக் கவனித்து எழுதிய கட்டுரையில்தான் இது தனியொரு நிலையாக விளக்கப்பட்டது. அடுத்த ஆண்டே ஆஸ்திரியாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் இதை ஒத்த குழந்தைகளைப் பற்றி எழுதினார். இவர்களுக்கு முன்பே, 1920-களில், ருஷ்ய மருத்துவர் குருன்யா சுகரேவா இத்தகைய சிறுவர்களைப் பற்றித் தெளிவாகப் பதிவு செய்திருந்தார்.

தமிழில் இதை 'மதியிறுக்கம்' என்று சிலர் எழுதுகின்றனர். அரசுப் படிவங்களில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்ற சொல்லையும் காணலாம். இரண்டு பெயர்களுமே முழு உண்மையைச் சொல்வதாக இல்லை. இக்குழந்தைகளின் மதி இறுகிப் போகவில்லை. புற உலகத்தைப் பற்றிய சிந்தனையும் இல்லாமல் போகவில்லை. புற உலகம் அவர்களுக்குள் வேறு விதமாக, பல நேரங்களில் தாங்க முடியாத அளவு மிகுதியாக நுழைகிறது. நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் மிக்சி சத்தமும், குக்கர் விசிலும், திருவிழாக் குழல் ஒலிபெருக்கியும் அக்குழந்தைக்கு உடல் வலியாகவே இருக்கலாம். காதைப் பொத்திக்கொண்டு ஓடும் பிள்ளையை நாம் 'அடங்காதவன்' என்கிறோம்.

ஆட்டிசம் ஒரு தொற்றுநோய் அன்று. மனநோயும் அன்று. நம் பகுதியில் எளிதாகச் சொல்லிவிடும் 'கோட்டி' என்ற சொல் இவர்களுக்கு எவ்வகையிலும் பொருந்தாது. இது மூளை வளர்ச்சியில் உள்ள ஒரு வேறுபாடு. பிறவியிலேயே தொடங்கி வாழ்நாள் முழுவதும் உடன் வருவது. சிலருக்கு மிக இலேசாகவும், சிலருக்கு ஒவ்வொரு செயலுக்கும் துணை தேவைப்படும் அளவுக்கும் இருக்கும். சிலர் பேசவே மாட்டார்கள். சிலர் நிறையப் பேசுவார்கள். அறிவுத்திறன் குறைபாடு சிலருக்கு உடன் இருக்கும், பலருக்கு இருக்காது. வலிப்பு நோயும் தூக்கமின்மையும் சிலரை வாட்டும். இப்படி விரிந்து கிடப்பதால்தான் 2013 முதல் மருத்துவ உலகம் இவை அனைத்தையும் ஒரே நிறமாலையில் அடங்கும் பல சாயல்களாகக் கருதி, ஒரே பெயரில் வகைப்படுத்துகிறது.

அறிகுறிகள் யாவை?

ஆட்டிசத்தை இரத்தப் பரிசோதனையாலோ ஸ்கேன் படத்தாலோ கண்டுபிடிக்க முடியாது. குழந்தையின் நடத்தையைக் கவனித்தே மருத்துவர்கள் முடிவு செய்கின்றனர். அதனால் பெற்றோரின் கண்களே முதல் பரிசோதனைக் கருவி. கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்:

1. ஒரு வயது ஆகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை.

2. தாயின் முகம் பார்த்துச் சிரிப்பதும், கண்ணோடு கண் நோக்குவதும் குறைவாக உள்ளன.

3. ஒன்றரை வயது ஆகியும் வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவதில்லை. மாறாக நம் கையைப் பிடித்து இழுத்துச் சென்று பொருளின் மேல் வைக்கிறது. நிலாவையோ காக்கையையோ காட்டி, "பார்" என்பது போல் நம்மோடு மகிழ்ச்சியைப் பகிர்வதில்லை.

4. பேச்சு தாமதமாகிறது, அல்லது ஒன்றரை வயதில் பேசிய 'அம்மா, தாத்தா' போன்ற சொற்களும் மறைந்து போகின்றன. சில குழந்தைகள் நாம் கேட்ட கேள்வியையே பதிலாகத் திருப்பிச் சொல்கின்றன.

5. கைகளை உதறுவது, தன்னைத்தானே சுற்றுவது, சுழலும் மின்விசிறியையோ வண்டிச் சக்கரத்தையோ நெடுநேரம் உற்றுப் பார்ப்பது, பொருட்களை வரிசையாக அடுக்கி அது கலைந்தால் கதறுவது போன்றவை மீண்டும் மீண்டும் நடக்கின்றன.

6. அன்றாட வழக்கத்தில் சிறு மாற்றம்கூடப் பெரும் துன்பமாகிறது. வழக்கமாகச் செல்லும் தெருவை விட்டு வேறு தெருவில் சென்றாலே அழுகிறது. ஒரே வகை உணவை மட்டும் உண்கிறது.

7. ஒலி, ஒளி, தொடுதல், மணம், சுவை ஆகியவற்றுக்கு அளவுக்கு மீறிய அல்லது மிகக் குறைந்த எதிர்வினை காட்டுகிறது. சிலருக்குக் கீழே விழுந்து அடிபட்டாலும் வலி தெரிவதில்லை.

இவற்றுள் ஒன்றிரண்டு இருப்பதாலேயே ஆட்டிசம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஆனால் பல அறிகுறிகள் சேர்ந்து தெரிந்தால் காத்திருக்கவும் கூடாது. நம் ஊர்களில் பொன்னான காலத்தை விழுங்குவது ஒரு பழைய வாய்மொழிதான்: "ஆம்பளப் பிள்ளை பிந்தித்தான் பேசும், அவங்க தாத்தாவும் அஞ்சு வயசுலதான் பேசினாரு." நாக்கில் வசம்பு தேய்ப்பதிலும், கயிறு மந்திரித்துக் கட்டுவதிலும் இரண்டு மூன்று ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. மூளை மிக விரைவாக வளரும் ஆண்டுகள் அவையே.

மற்றொன்றும் கவனத்திற்குரியது. பெண் குழந்தைகளை விட ஆண் குழந்தைகளிடம் மூன்று நான்கு மடங்கு அதிகமாக ஆட்டிசம் கண்டறியப்படுகிறது. இதனால் பெண் குழந்தையிடம் காணும் அறிகுறிகள் 'கூச்ச சுபாவம்', 'அடக்கமான பிள்ளை' என்ற பாராட்டுகளுக்குள் மறைந்துபோகும் ஆபத்து உண்டு.

தாய்மீது சுமத்தப்பட்ட பழி

ஆட்டிசத்திற்குக் காரணம் தேடிய மனித சமுதாயம் முதலில் கை நீட்டியது தாயை நோக்கித்தான். அன்பு காட்டாத, குளிர்ந்த மனம் கொண்ட தாய்மாரே இதற்குக் காரணம் என்ற கருத்து 1950-களிலும் 60-களிலும் மேலை நாடுகளில் பரவியது. அத்தாய்மாரைக் குளிர்சாதனப் பெட்டிக்கு ஒப்பிட்டு அழைத்தார்கள். 1967-இல் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய நூல் இக்கருத்தை மேலும் பரப்பியது. எத்தனை தாய்மார் தம் பிள்ளையின் நிலைக்குத் தாமே காரணம் என்று நம்பி அழுதிருப்பார்கள்!

இதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர் பெர்னார்டு ரிம்லேண்ட் என்னும் உளவியலாளர். அவரே ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தை. இது மூளை வளர்ச்சி தொடர்பான நிலையே என்று 1964-இல் அவர் எழுதினார். 1977-இல் சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் ஆகியோர் இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு, பரம்பரைக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்பதைக் காட்டியது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தால் மற்றவருக்கும் இருக்கும் வாய்ப்பு மிக அதிகம் என்று கண்டார்கள்.

அறிவுலகம் அரை நூற்றாண்டுக்கு முன்பே கைவிட்ட பழி, நம் தெருக்களில் இன்றும் உயிரோடு இருக்கிறது. "பீடி சுத்துறதுலயே இருந்தா, பிள்ளைய எங்க கவனிச்சா?" "கிரகணத்தப்ப வெளிய போயிருப்பா." "அவ குடும்பத்து வினை." பழி சுமத்தும் சொற்கள் மாறுகின்றன, பழி சுமப்பவள் மட்டும் எப்போதும் ஒருத்தியே. கணவர் வீட்டார் ஒதுக்க, பிள்ளையோடு பிறந்த வீடு திரும்பிய பெண்களும் உண்டு. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டு, இது இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று இயேசு மறுத்ததை யோவான் நற்செய்தியில் வாசிக்கிறோம். அறிவியல் பின்னர் வந்து சேர்ந்த இடமும் அதுவேயன்றோ!

தடுப்பூசி காரணமா?

1998 பிப்ரவரியில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற ஆங்கில மருத்துவர், 12 குழந்தைகளை மட்டும் வைத்து 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா ஆகிய மூன்றுக்குமான தடுப்பூசியோடு ஆட்டிசத்தைத் தொடர்புபடுத்தும் ஐயத்தை அது எழுப்பியது. தடுப்பூசி நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுக்க முயன்ற வழக்கறிஞரிடம் அவர் பணம் பெற்றிருந்ததும், தகவல்கள் திரிக்கப்பட்டிருந்ததும் பின்னர் வெளிவந்தன. 2010 பிப்ரவரியில் அக்கட்டுரையை இதழ் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு மே மாதம் மருத்துவர் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. 2019-இல் டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவும், தடுப்பூசி போட்டவர்களுக்கு ஆட்டிசம் வரும் வாய்ப்பு அதிகமில்லை என்பதையே உறுதி செய்தது.

ஆயினும் வதந்தி சாகவில்லை. 2025 நவம்பரில் அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் இணையதளத்திலேயே இது குறித்த வாசகம் ஐயத்தைக் கிளப்பும் வகையில் மாற்றப்பட்டது. அடுத்த மாதமே உலக நலவாழ்வு நிறுவனம், தடுப்பூசிக்கும் ஆட்டிசத்திற்கும் தொடர்பு இல்லை என்று மீண்டும் உறுதிப்படுத்தியது.

பெற்றோருக்கு இந்த ஐயம் எழுவது ஏன்? அதற்கும் எளிய விளக்கம் உண்டு. நம் நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசியின் இரண்டாம் தவணை 16 முதல் 24 மாதங்களுக்குள் போடப்படுகிறது. பேசிய சொற்கள் மறைவது போன்ற அறிகுறிகள் வெளிப்படுவதும் அதே வயதில்தான். ஒன்றன்பின் ஒன்று வருவதாலேயே முதலாவது இரண்டாவதற்குக் காரணமாகிவிடாது.

2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளால் பல பெற்றோர் தங்கள் பிள்ளைகளுக்கு ஊசி போட மறுத்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். இதில் உள்ள முரண்பாட்டைக் கவனியுங்கள். கருவுற்ற தாய்க்கு ரூபெல்லா வந்தால் பிள்ளைக்குக் கண், காது, இதயம் பாதிக்கப்படுவதோடு ஆட்டிசம் வரும் வாய்ப்பும் கூடுகிறது. 1964-இல் அமெரிக்காவில் பரவிய ரூபெல்லாவுக்குப் பின் பிறந்த குழந்தைகளை ஆராய்ந்த ஸ்டெல்லா செஸ் என்னும் மருத்துவர், 1971-இலேயே இதை எடுத்துக்காட்டினார். ஆட்டிசத்திற்கு அஞ்சி ரூபெல்லா தடுப்பூசியை மறுப்பவர், ஆட்டிசத்தின் ஒரு காரணத்திற்கே கதவைத் திறந்துவிடுகிறார்.

காய்ச்சல் மாத்திரை காரணமா?

இனி, நாம் தொடக்கத்தில் கண்ட கேள்விக்கு வருவோம். கருவுற்ற காலத்தில் பாராசிட்டமால் உட்கொண்ட தாய்மாரின் பிள்ளைகளிடம் ஆட்டிசம் சற்று அதிகம் எனச் சில ஆய்வுகள் கூறியது உண்மை. ஆனால் அம்மாத்திரையை உட்கொள்ளும் தாய்க்குக் காய்ச்சலோ, தொற்றோ, தீராத வலியோ இருந்திருக்கும். பாதிப்பு மாத்திரையால் வந்ததா, நோயால் வந்ததா, பரம்பரையால் வந்ததா என்று எப்படிப் பிரிப்பது?

சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டனர். 1995 முதல் 2019 வரை பிறந்த ஏறத்தாழ 24 இலட்சத்து 80 ஆயிரம் குழந்தைகளின் விவரங்களை எடுத்து, ஒரே தாயின் பிள்ளைகளை ஒருவரோடொருவர் ஒப்பிட்டார்கள். ஒரு பிள்ளையைச் சுமந்தபோது தாய் மாத்திரை உட்கொண்டிருப்பார். மற்றொரு பிள்ளையின்போது உட்கொண்டிருக்க மாட்டார். இப்படி ஒப்பிட்டபோது வேறுபாடு எதுவும் இல்லை. இம்முடிவு 2024-இல் வெளியானது. வெள்ளை மாளிகை அறிவிப்பு வந்த இரண்டாம் நாளே, தொடர்பை உறுதி செய்யும் சான்று இல்லை என்று உலக நலவாழ்வு நிறுவனமும் அறிவித்தது.

மாறாக, கருவுற்ற காலத்தில் கடும் காய்ச்சலைக் கவனிக்காமல் விடுவதுதான் தாய்க்கும் சேய்க்கும் தீங்கானது. எனவே மருத்துவர் சொல்லும் அளவில் தேவைக்கு மட்டும் பாராசிட்டமால் உட்கொள்ளலாம். செய்தியைப் பார்த்து அஞ்சி நிறுத்தவும் வேண்டாம். மருத்துவரைக் கேளாமல் தாமாக வேறு வலி மாத்திரைகளுக்கு மாறவும் வேண்டாம். அன்று இரண்டு மாத்திரை போட்ட அந்தத் தாய்க்கு நாம் உறுதியாகச் சொல்லலாம்: "அம்மா, உங்கள்மீது குற்றமில்லை."

அப்படியானால் காரணம்தான் என்ன?

ஒரே காரணம் என்று ஒன்று இல்லை. டென்மார்க், சுவீடன், பின்லாந்து, இஸ்ரேல், மேற்கு ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் 20 இலட்சம் குழந்தைகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வு, ஆட்டிசம் வரும் வாய்ப்பில் ஏறத்தாழ 80 விழுக்காடு மரபணுக்களைச் சார்ந்தது என்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட மரபணுக்கள் இதில் தொடர்புடையவை. பெற்றோரிடம் இல்லாத புதிய மாற்றம் குழந்தையிடம் மட்டும் தோன்றுவதும் உண்டு. ஆகவே "எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லை" என்ற வாதத்திற்கு இடமில்லை.

இதனோடு சேர்ந்து, பெற்றோரின் வயது மிகுதி, குறைமாதப் பிறப்பு, கருவுற்ற காலத்துத் தொற்றுகள், வலிப்புக்குத் தரும் வால்புரோயேட் மருந்தைக் கருவுற்ற காலத்தில் உட்கொள்வது ஆகியவை வாய்ப்பைக் கூட்டுகின்றன. வலிப்பு மருந்து உட்கொள்ளும் பெண்கள் திருமணத்திற்குப் பின் பிள்ளைப்பேற்றுக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் கேட்டு மருந்தை மாற்றிக்கொள்வது நல்லது. தாமாக நிறுத்தினால் வலிப்பே உயிருக்கு ஆபத்தாகலாம். நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது சில பரம்பரைக் குறைபாடுகளுக்கான வாய்ப்பைக் கூட்டும் என்பதால், குடும்பத்தில் ஏற்கெனவே வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளை இருப்பின் மரபணு ஆலோசனை பெறுவது நலம்.

செல்போன் பார்ப்பதால் ஆட்டிசம் வருவதில்லை. எனினும், நாள் முழுதும் திரையைப் பார்க்கும் குழந்தைக்கு முகம் பார்த்துப் பேசும் வாய்ப்பு குறைகிறது; பேச்சும் பிந்துகிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைக்கோ அது இருமடங்கு இழப்பு.

"முன்பெல்லாம் இப்படிப் பிள்ளைகள் இல்லையே, இப்போது எப்படிப் பெருகினார்கள்?" என்று முதியோர் கேட்கின்றனர். அமெரிக்காவில் எட்டு வயதுக் குழந்தைகளிடையே 2000-இல் 150 பேரில் ஒருவர் என்றிருந்த கணக்கு, 2022-இல் 31 பேரில் ஒருவர் என்றாகியுள்ளது. உலக அளவில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாக உலக நலவாழ்வு நிறுவனம் 2021-ஆம் ஆண்டுக்கு மதிப்பிட்டது. இந்த உயர்வின் பெரும்பகுதி, இலக்கணம் விரிந்ததாலும் விழிப்புணர்வு வளர்ந்ததாலும் வந்தது. முன்பும் இப்பிள்ளைகள் இருந்தார்கள். பின்கட்டு அறையிலோ, 'வெள்ளந்தி' என்ற பெயரோடு ஆடு மேய்க்கும் காட்டிலோ இருந்தார்கள். கணக்கில்தான் இல்லை.

குணப்படுத்தும் வணிகம்

ஆட்டிசத்தை அடியோடு போக்கும் மருந்து இன்றுவரை இல்லை. வலிப்பு, தூக்கமின்மை, மிகுந்த பதற்றம் போன்ற துணைச் சிக்கல்களுக்கே மருந்துகள் உண்டு. இந்த உண்மையைப் பெற்றோர் ஏற்கத் தயங்கும் இடைவெளியில்தான் வணிகம் நுழைகிறது. குருத்தணு சிகிச்சை என்ற பெயரில் இலட்சக்கணக்கில் பணம் பறிக்கப்படுகிறது. நகையையும் நிலத்தையும் விற்றுப் பெருநகரங்களுக்கு ஓடுகின்றனர். தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரிலேயே, ஆட்டிசத்திற்குக் குருத்தணு சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கதன்று என்று தெளிவாக அறிவித்துவிட்டது.

மற்றொரு புறம், பேய் பிடித்துள்ளது என்று கருதி வழிபாட்டுத் தலங்களில் பிள்ளைகளை மாதக்கணக்கில் தங்க வைப்பவர்களும் உள்ளனர். 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநலம் குன்றியோர் 28 பேர் தீயில் கருகி இறந்தனர். அவர்கள் வேறு நோயினர்தாம். ஆயினும் புரியாத நடத்தையைக் கட்டிப்போடும் சமுதாயம் எங்கே சென்று முடியும் என்பதற்கு அந்நிகழ்வு என்றென்றும் எச்சரிக்கை. செபிக்கலாம், நேர்ச்சையும் செலுத்தலாம். அவை பெற்றோருக்கு ஆறுதலும் துணிவும் தரும். ஆனால் பிள்ளையை அடிப்பதும் கட்டுவதும் பட்டினி போடுவதும் எந்தச் சமயத்தின் பெயரால் நடந்தாலும் கொடுமையே.

பலன் தரும் வழி எது?

முதலில் செய்ய வேண்டியது காது கேட்கும் திறன் பரிசோதனை. கேட்கும் குறைபாடும் ஆட்டிசம் போலவே தோன்றலாம். பின்பு குழந்தை வளர்ச்சி மருத்துவரைக் காண வேண்டும். மத்திய அரசு 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலவாழ்வுத் திட்டத்தின் கீழ், அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் மருத்துவக் குழு பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. ஐயமுள்ள குழந்தைகள் மாவட்ட அளவிலான தொடக்கநிலை இடையீட்டு மையங்களுக்கு அனுப்பப்படுகின்றனர். இங்குக் கட்டணம் இல்லை.

பேச்சுப் பயிற்சி, செயல்முறைப் பயிற்சி, நடத்தைப் பயிற்சி, சிறப்புக் கல்வி ஆகியவையே பலன் தருபவை. "புளியங்குடியில் இதற்கெல்லாம் நிபுணர் எங்கே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எலுமிச்சை மூட்டைக்கு ஊரிலேயே சந்தை இருக்கிறது; பிள்ளையின் பேச்சுப் பயிற்சிக்கோ வாரந்தோறும் ஒரு நாள் கூலியை இழந்து திருநெல்வேலிக்குப் பேருந்து ஏற வேண்டியுள்ளது. இரண்டு மாதம் சென்று மூன்றாம் மாதம் நிறுத்திவிடும் குடும்பங்களே அதிகம்.

இதற்கு விடை நமக்கு அருகிலேயே இருக்கிறது. தென்காசி அருகே ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கத்தை அறியாதார் இலர். 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்த திரு. எஸ். இராமகிருஷ்ணன், 1981-இல், உலக மாற்றுத் திறனாளிகள் ஆண்டில், சொந்த ஊரில் தொடங்கிய அமைப்பு அது. தமக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரையே அதற்கு வைத்தார். 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அச்சங்கம் வளர்ச்சி தாமதமான குழந்தைகளுக்காக, கிராமத்துப் பெண்களைப் பயிற்றுவித்து வீடுகளுக்கே அனுப்புகிறது. நிபுணர்கள் செல்போன் செயலி வழியாக அவர்களை வழிநடத்துகின்றனர். தாய்க்கே பயிற்சி தரப்படுகிறது.

இது வெறும் இரக்கச் செயல் என்று எண்ணிவிட வேண்டாம். கோவாவிலும் பாகிஸ்தானின் இராவல்பிண்டியிலும் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வு, நிபுணர் அல்லாத பணியாளர்களும் முறையான பயிற்சி பெற்றால் ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோருக்குக் கற்றுத்தர முடியும், அதனால் தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே உறவாடல் மேம்படுகிறது என்று நிறுவியது. குழந்தையின் பார்வை எங்கே செல்கிறதோ அங்கே தாயும் பார்ப்பது, குழந்தையின் சிறு ஒலிக்கும் மறுமொழி தருவது, குறைந்த சொற்களில் தெளிவாகப் பேசுவது, பேச இடைவெளி விட்டுக் காத்திருப்பது ஆகியவற்றை எந்தத் தாயும் கற்கலாம். ஓலை வீட்டிலும் செய்யலாம்.

சட்டம் தரும் உரிமைகள்

1995-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம்தான் முதலில் இதைப் பெயர் சொல்லி ஏற்றது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாக ஆட்டிசத்தைச் சேர்த்தது. இதன்படி:

1. 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்புள்ளோர் அரசு மருத்துவக் குழுவிடம் சான்றும், தனித்துவ அடையாள அட்டையும் பெறலாம். எல்லா உதவிக்கும் இதுவே திறவுகோல்.

2. 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்கள் உள்ளனர். ஆட்டிசம் என்பதற்காகப் பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது.

3. தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் ஆண்டுக்கு ஓர் இலட்சம் ரூபாய் வரை, பயிற்சிச் செலவு உட்பட, பெற வழியுண்டு.

4. அரசு வேலையில் மாற்றுத் திறனாளிகளுக்கான 4 விழுக்காட்டில், 1 விழுக்காடு ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, மனநோய் போன்ற பிரிவினர்க்கு உரியது.

5. பதினெட்டு வயதுக்குப் பின், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவின் வழியாகச் சட்டப்படியான பாதுகாவலரை நியமித்துக்கொள்ளலாம்.

இறுதியாகச் சொன்னதே ஒவ்வொரு பெற்றோரின் இரவுத் தூக்கத்தையும் கெடுக்கும் கேள்வி: "எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?" பாதுகாவலரைக் காகிதத்தில் நியமிக்கச் சட்டம் உதவும். ஆனால் அந்தப் பிள்ளையின் பெயரைத் தெரிந்த, அவன் எதற்கு அஞ்சுவான், எதை உண்பான் என்று அறிந்த ஒரு தெருவையும் ஊரையும் சட்டத்தால் உண்டாக்க முடியாது. அதை நாம்தான் உருவாக்க வேண்டும்.

நாம் செய்யக் கூடியவை

2014 நவம்பரில் வத்திக்கானில் ஆட்டிசம் குறித்துப் பன்னாட்டுக் கருத்தரங்கு நடைபெற்றது. இப்பிள்ளைகளையும் குடும்பங்களையும் தனிமையில் விட்டுவிடக் கூடாது என்று திருத்தந்தை பிரான்சிஸ் அப்போது வலியுறுத்தினார். அந்த அழைப்பை நம் பங்குகளிலும் தெருக்களிலும் எப்படி நிறைவேற்றலாம்?

திருப்பலியின் நடுவே ஒரு பிள்ளை கூவினால் திரும்பிப் பார்த்து முறைக்காமல் இருப்பது முதல் படி. ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி, வாசலுக்கு அருகில் ஓர் இருக்கையை அக்குடும்பத்திற்கென ஒதுக்கலாம். பேசாத பிள்ளைக்குப் படங்களைக் காட்டி மறைக்கல்வி கற்பிக்கலாம். வாய்மொழியாகச் செபம் சொல்லத் தெரியவில்லை என்பதற்காகப் புதுநன்மையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, சமய வேறுபாடின்றி அப்பகுதிப் பெற்றோரை ஒன்றுகூட்டினால், சான்றிதழ் பெறும் வழியையும் பேருந்துச் செலவையும் அவர்கள் பகிர்ந்துகொள்ள முடியும். பள்ளி ஆசிரியர்கள் அறிகுறிகளைத் தெரிந்து வைத்திருப்பதும், அன்பியங்களில் உள்ள இளைஞர் ஓரிருவர் வாரத்தில் இரண்டு மணி நேரம் அப்பிள்ளையோடு இருந்து தாய்க்கு ஓய்வு தருவதும் பணச் செலவில்லாத பேருதவிகள்.

உறவினர் வீட்டு விசேஷங்களுக்கு அக்குடும்பத்தை அழையுங்கள். "பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க" என்று தனியாகச் சொல்லுங்கள். பல ஆண்டுகளாக அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருப்பவர்கள் நம் தெருவிலேயே இருக்கலாம்.

ஐக்கிய நாடுகள் அவை 2007-இல் தீர்மானித்தபடி, 2008 முதல் ஆண்டுதோறும் ஏப்ரல் 2-ஆம் நாள் உலக ஆட்டிச விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. விழிப்புணர்வு என்பது அந்த ஒரு நாளில் முடிந்துவிடுவதில்லை. அடுத்த முறை செல்போனில் ஒரு செய்தி வரும்போது, அதை அனுப்பும் முன் அது எந்தத் தாயின் நெஞ்சில் போய்த் தைக்கும் என்று எண்ணிப் பார்ப்போம். இரண்டு வயதாகியும் பேசாத பிள்ளையைக் கண்டால், "பொறுத்துப் பாருங்கள்" என்று சொல்வதை விடுத்து, "நாளைக்கே மருத்துவமனைக்குப் போவோம், நானும் கூட வருகிறேன்" என்று சொல்வோம். யார் செய்த தவறு என்று கேட்பதை நிறுத்துவோம். யார் உடன் நிற்பது என்று கேட்கத் தொடங்குவோம்.